பொருள்: சங்கு

பொருள்னு எழுதி ரெண்டு புள்ளி வெச்சுட்டு என் முகத்தைப் பார்த்தா எப்படி சார்? ஒரே வரியில சொல்லுங்கம்மாங்கறீங்க. ஒரே வரியில எழுதித்தான் போன தடவை என் மனு சுடுகாட்டுக்குப் போச்சு.

சிரிக்காதீங்க. நிஜமாவே போச்சு. அதனாலதான் இந்தத் தடவை மனு எழுதறதையே தொழிலா வெச்சிருக்கற ஆளாப் பார்த்து வந்திருக்கேன். ஆனா முழுசாக் கேட்டுட்டு அப்புறம் எழுதுங்க. பாதி கேட்டுட்டு எழுதறவங்களாலதான் எனக்கு இவ்வளவு அலைச்சல். உங்களைச் சொல்லலை. மன்னிக்கணும் மாதாவே.

முதல்ல உக்காந்துக்கறேன். வேணாம் வேணாம், உங்க ஸ்டூலைக் குடுத்துட்டு நீங்க எப்படி எழுதுவீங்க? நான் இந்த பேனரை விரிச்சுக் கீழேயே உக்காந்துக்கறேன். மனு குடுக்கற நாள்ல இங்கே மரத்தடியில மணிக்கணக்காக் கிடக்கணும்னு தெரியும், அதான் வீட்டுல கிடந்ததைச் சுருட்டிக்கிட்டு வந்தேன். வெள்ளைப் பக்கம் மேலே வரணும். ம், இப்படித்தான்.

அங்கே டீக்கடை ஓரமா சட்டைப்பையில கண்ணாடியை வெச்சுக்கிட்டு அதையே தேடிட்டு இருக்கார் பாருங்க, அவர்தான் எங்க வீட்டுக்காரர். இன்னாசிமுத்து. முப்பத்திரெண்டு வருஷம் ஐஸ் கம்பெனியில மோட்டார் ரூம்ல வேலை பார்த்தார். மோட்டார் நல்லாத்தான் ஓடுச்சு, இவர் காதுதான் நின்னு போச்சு. நான் இங்கேருந்து தொண்டை கிழியக் கத்தினாலும் திரும்பமாட்டார். இந்த மனுவே அவருக்காகத்தான்.

என் பேர் பிரகாசியம்மாள். மிக்கேல்குப்பம். எட்டாவது வரைக்கும் படிச்சிருக்கேன். அது வேணாமா? சரி, அடிச்சுடுங்க.

எங்க குப்பத்துல மாதா கெபி இருக்கு. சின்னக் குகை மாதிரி கட்டி உள்ளே மாதா சுரூபம் வெச்சிருக்கோம். அதுக்குப் பின்னாடி, கடலைப் பார்த்தாப்பல ஒரு இரும்புக் கம்பம். உச்சியில ஊமத்தம்பூ மாதிரி வாயை விரிச்சுக்கிட்டு நாலு குழாய். நடுவுல ஒரு பெட்டி. புயல் வந்தா, கடல் ஏறி வந்தா அது ஊதணும். ஊதினா நாங்க ஓடணும். அதுக்காக அரசாங்கம் நட்டு வெச்ச சங்கு சார் அது.

சைரன்தான். நீங்க சைரன்னு சொல்லுவீங்க. நான் பிறந்தது டவுன்ல. அங்கே நகராட்சி ஆபீஸ் மாடியில இருந்ததை எல்லாரும் சங்குன்னுதான் சொல்லுவோம். எட்டு மணிச் சங்கு ஊதினா எங்கப்பா வேலைக்குக் கிளம்புவார், ஒரு மணிச் சங்குக்குச் சாப்பிட வருவார். அறுபத்தி மூணு வருஷமா என் வாயில அது சங்குதான். இன்னொண்ணையும் மனசுல வெச்சுக்கோங்க. எங்க ஜனத்துல யாராவது செத்தா கோயில்ல துக்க மணி அடிப்பாங்க. சங்கு ஊதற வழக்கம் எங்களுக்குக் கிடையாது. அதனால அந்த நினைப்பே எனக்கு வரலை. அந்தோணியார் சத்தியமா வரலை.

ரெண்டு வருஷம் முன்னாடி என் மகன் எட்வின் புதுப் போன் வாங்கிட்டு, பழையதை எனக்குக் குடுத்தான். கண்ணாடியில ஒரு கீறல், மத்தபடி நல்ல போன். காலையில கெபியில ஜெபமாலை சொல்லி முடிச்சுட்டு நிமிர்ந்தா அந்தச் சங்குதான் கண்ணுல படும். ஒருநாள் சும்மா எடுத்தேன். சாயங்காலம் எடுத்துப் பார்த்தா, ஒரு குழாய் ஓரத்துல மைனா உக்காந்திருக்கு. கண்ணுக்குத் தெரியாதது போட்டோவுல தெரியுது. மறுநாளும் எடுத்தேன்.

அப்புறம் விடலை. பஸ்ஸுல போறப்போ எல்லாரும் கீழே பார்த்துட்டு வருவாங்க, நான் மேலே பார்த்துட்டு வருவேன். தீயணைப்பு ஸ்டேஷன் மாடியில இருக்கறது குடை மாதிரி இருக்கும். துறைமுகத்துல இருக்கறது பானையைக் கவுத்தாப்பல. அனல்மின் நிலையத்துக்குப் போற வழியில ஒண்ணு ரெட்டைக் குழாய், ஒண்ணு வடக்கே பார்க்கும் ஒண்ணு தெற்கே பார்க்கும், சண்டை போட்ட அண்ணன் தம்பி மாதிரி. ஒண்ணு மாதிரி ஒண்ணு இருக்காது சார். நீங்க கவனிச்சதே இல்லையா? இந்த ஆபீஸ் மாடியிலயே ஒண்ணு இருக்கு. அதோ, தண்ணித் தொட்டிக்கு இடதுபக்கம். வருஷக்கணக்கா அதுக்குக் கீழே உக்காந்து எழுதறீங்க!

ஒவ்வொண்ணையும் எடுத்து, எந்த ஊர், எத்தனை குழாய், எந்தப் பக்கம் பார்க்குது, துரு இருக்கா, கூடு இருக்கான்னு கோயில்ல குடுத்த டைரியில எழுதி வெப்பேன். ஒரு சங்குக்கு ஒரு அருள்நிறை மந்திரம் சொல்லுவேன், ‘மாதாவே, இது ஊதவே வேண்டாம்’னு. ஜெபமாலைக்கு ஐம்பத்தி மூணு மணி. ஐம்பத்தி மூணு சங்கு சேர்த்தா ஒரு ஜெபமாலை முழுசாயிடும்னு ஒரு ஆசை. நாப்பத்தி ஒண்ணு வரைக்கும் வந்துட்டேன்.

ஊதவே வேண்டாம்னுதான் வேண்டுவேன். ஆனா இதுல ஒண்ணையாவது ஒரே ஒரு தடவை காதால கேட்டா நல்லா இருக்குமேன்னும் இருக்கும். ரெண்டையும் மாதாகிட்டேயே சொல்லிடுவேன்.

எங்க கோயில்ல மரியாயின் சேனைன்னு ஜெபக் குழு, அதுல பிலோமினான்னு ஒருத்தி, எனக்குச் சம்பந்தி முறை வேற. “மாதா கையில ஜெபமாலை, பிரகாசி கையில மைக்செட்டு”ன்னு கூட்டத்துலயே சொல்லிட்டா. எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன். எனக்குக் கோவமெல்லாம் வராது சார்.

ஒரு கம்பெனி வாசல்ல வாட்ச்மேன் பிடிச்சுக்கிட்டார். “எதுக்கும்மா போட்டோ எடுக்கறே?”

“மேலே இருக்கற சங்குக்குத்தான் தம்பி.”

“அதை எடுத்து என்ன பண்ணப் போறே?”

“ஜெபம் பண்ண.”

உள்ளேருந்து ஒரு அதிகாரியைக் கூட்டிட்டு வந்துட்டார். அந்தப் பிள்ளை என் போனை வாங்கித் தள்ளித் தள்ளிப் பார்க்குது. பத்தொன்பது சங்கு, ஒரு தேர், இவரோட காது மருந்துச் சீட்டு, அவ்வளவுதான் இருக்கு. “உண்மையைச் சொல்லுங்கம்மா, யார் உங்களை அனுப்புனது?”ன்னு கேட்டான்.

“மாதா.”

“மாதான்னா? முழுப் பேர் சொல்லுங்க.”

அப்படித்தான் சார் என் பொழப்பு. பிள்ளைங்ககிட்டச் சொன்னா, எட்வின், “எல்லா அம்மாவும் ரோஜாப்பூ போட்டு காலை வணக்கம் அனுப்புவாங்க, நீ ஏன்மா கம்பத்தை அனுப்பறே?”ங்கறான். அவன் ஓசூர்ல இருக்கான். மக ரெஜினா சென்னையில, அம்பத்தூர்ல. நான் எடுக்கறதையெல்லாம் குடும்ப குரூப்புல போட்டுடுவேன். ரெண்டு டிக் வரும். அப்புறம் நீலமாகும். பதில் வராது. பாவம், வேலை. போன கிறிஸ்மஸுக்கு அவனுக்கு லீவு கிடைக்கலை. ஈஸ்டருக்கு டிக்கெட் கிடைக்கலை. மாதா திருநாளுக்கு ரெஜினா பிள்ளைக்குப் பரீட்சை. நான் என்ன கேக்கவா போறேன்? பார்த்துட்டாங்கன்னு டிக் வருதுல்ல, போதும்.

எழுதறீங்களா? இதெல்லாம் எழுத வேணாமா? சரி, இப்ப எழுத வேண்டியது வருது.

போன கார்த்திகையில கடல் உள்ளே வந்துச்சு. விடியக்காலை. நான் பூசைக்குப் பெரிய கோயிலுக்குப் போயிருந்தேன். இவர் காத்தாட வலைக் கொட்டகையில படுத்திருந்தார். தண்ணி ஏறுதுன்னதும் ஜனமெல்லாம் கத்திக்கிட்டு ரோட்டுக்கு ஓடிருச்சு. கத்தினது எல்லாருக்கும் கேட்டுச்சு, இவருக்குக் கேக்கலை. நான் திரும்பி வந்தா, ரோட்டுல ஊரே நிக்குது, இவர் மட்டும் இல்லை. பிலோமினா என் முந்தானையைப் பிடிச்சு இழுக்கறா, “போகாதடி, போகாதடி”ன்னு. இடுப்புத் தண்ணியில நடந்தேன் சார். எனக்கு நீச்சல் தெரியாது. கடற்கரையில வாக்கப்பட்டு நாப்பது வருஷம், நீச்சல் தெரியாது.

வலைக் குவியல் மேலே படுத்திருக்கார். கீழே தண்ணி போய்ட்டு வந்துட்டு இருக்கு. தோளைத் தொட்டேன். கண்ணைத் திறந்து, “விடிஞ்சிருச்சா?”ன்னு கேக்கறார்.

அன்னைக்கு அந்தச் சங்கு ஊதலை. கேட்டதுக்கு, அது புயல் இல்லம்மா, வெறும் கடல் சீற்றம், மேலேருந்து உத்தரவு வரலைன்னு சொன்னாங்க. சரி, உத்தரவு வராம ஊதக்கூடாதுபோலன்னு நானும் விட்டுட்டேன்.

ஆனா மாசா மாசம் முதல் சனிக்கிழமை காலையில பத்து மணிக்கு அதைச் சோதனை பண்ணணும். ஒரு ஆள் பைக்ல வருவார். நான் போனை நீட்டிக்கிட்டு முன்னாடியே போய் உக்காந்திருப்பேன். முதல் மாசம் வந்தார், பெட்டியைப் பார்த்தார், நோட்டுல எழுதினார், கிளம்பிட்டார். ரெண்டாவது மாசமும் அப்படியே. மூணாவது மாசம் கேட்டுட்டேன்.

“தம்பி, ஊதலையே?”

“ஊதிடுச்சேம்மா.”

“நான் இங்கேயேதானே இருக்கேன். எனக்குக் கேக்கலையே?”

“வயசாச்சுல்ல, உங்களுக்குக் கேட்டிருக்காது”ன்னு நோட்டைக் காமிக்கிறார். நேரம் பத்து. ஒலித்தது. கையெழுத்து. மாசா மாசம் ஒலித்தது, ஒலித்தது, ஒலித்தது. ஒரே பேனா.

அன்னைக்கு நல்லாப் பெரிசு பண்ணி எடுத்துப் பார்த்தேன். பெட்டியிலேருந்து மேலே குழாய்க்குப் போற கேபிள் அறுந்து, பாம்புச் சட்டை மாதிரி தொங்குது. கிழக்கே பார்த்த குழாய்க்குள்ளே மைனாக் கூடு. கூட்டுக்குள்ளே குஞ்சு, வாயைத் திறந்துக்கிட்டு. ஊதியிருந்தா அந்தக் குஞ்சு அங்கே இருக்குமா சார்? எந்தத் தாய்ப் பறவை இருக்க விடும்?

ரெஜினாகிட்டச் சொன்னேன். அவ என்ன பண்ணினா தெரியுமா? ஒரு டாக்டர்கிட்ட நேரம் குறிச்சு, நான் சென்னைக்குப் போனப்போ என் காதைக் கொண்டுபோய்ச் சோதிச்சுட்டா. கண்ணாடி ரூமுக்குள்ளே உக்கார வெச்சு, ரெண்டு காதுலயும் மெஷினை மாட்டி, ஒரு மணி நேரம். குறையில்லைன்னு சீட்டுக் குடுத்தாங்க. இதோ பையில இருக்கு, இணைக்கணும்னா இணைச்சுக்கோங்க. என் காதை எல்லாரும் சோதிச்சுட்டாங்க சார். அந்தச் சங்கை ஒருத்தர்கூடச் சோதிக்கலை.

எனக்குக் கோவமில்லை. குரல் கொஞ்சம் அப்படித்தான் இருக்கும்.

அப்பத்தான் முதல் மனு குடுத்தேன். நானே என் கையால எழுதினேன். “எங்கள் ஊரில் சங்கு ஊதுவதில்லை. ஊதியதாகக் கணக்குக் காட்டுகிறார்கள். பெரிய சாவு விழும் முன் ஆவன செய்ய வேண்டும்.” இதுல என்ன சார் தப்பு? தெளிவாத்தானே இருக்கு? மூணு மாசம் கழிச்சுப் பதில் வந்துச்சு. எனக்கு மனப்பாடம். “தங்கள் ஊரில் இறந்தோருக்குச் சங்கு ஊத ஆள் இல்லை என்ற கோரிக்கை பரிசீலிக்கப்பட்டது. அது பொதுமக்களே செய்துகொள்ள வேண்டிய ஏற்பாடாகும். மயானத்தில் எரிமேடை நல்ல நிலையில் உள்ளது நேரடி ஆய்வில் உறுதி செய்யப்பட்டது. மனு முடிக்கப்பட்டது.”

எங்க ஊர்ல எரிமேடையே கிடையாது. நாங்க புதைக்கிறவங்க.

எப்படி ஆய்வு பண்ணினாங்க? எதைப் பார்த்தாங்க? அன்னைக்குக் கெபி முன்னாடி உக்காந்து அழுதேன் சார். இவர் வந்து, “யாரு செத்தா?”ன்னு கேட்டார்.

சரின்னு, இனிமே தேதியோட சாட்சி சேர்க்கணும்னு முடிவு பண்ணினேன். ஆகஸ்ட் மாசம் முதல் சனிக்கிழமை அந்த ஆள் ஒலித்ததுன்னு எழுதிட்டுப் போனதும், இவரைக் கூட்டிப்போய்க் கம்பத்துக்குக் கீழே நிக்க வெச்சேன். கையில வீட்டுத் தினசரி காலண்டரைப் பிடிக்கச் சொன்னேன், என்னைக்கு எடுத்ததுன்னு தெரியணுமே. கம்பம் உச்சி வரைக்கும் விழணும்னு பின்னாடி போய்ப் போய் எடுத்தேன். இவருக்கு எதுக்குன்னே தெரியாது. “சிரிக்கட்டுமா?”ன்னார். சிரிங்கன்னு தலையை ஆட்டினேன். அதையும் குரூப்புல போட்டேன். ரெண்டு டிக்.

இப்பத்தான் அந்த நாள் வருது.

போன மாசம் இவரைக் காதுக்குக் காட்ட டவுன் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனேன். ஆஸ்பத்திரிக்கு எதிர்லதான் தீயணைப்பு ஸ்டேஷன். சீட்டு வாங்கிட்டு மரத்தடியில நிக்கறோம். சரியாப் பத்து மணி. மாடியில இருந்த சங்கு ஊத ஆரம்பிச்சுது சார்! முதல்ல அடிவயித்துலேருந்து முனகற மாதிரி. அப்புறம் ஏறுது, ஏறுது, ஏறுது. என் உடம்பெல்லாம் புல்லரிச்சுப் போச்சு. போனைத் தூக்கிப் பிடிச்சுட்டுத் திரும்பி இவரைப் பார்க்கறேன். நெஞ்சுல கையை வெச்சுக்கிட்டு நிக்கறார். முகமே மாறிப் போச்சு.

“பிரகாசி, கேக்குது”ங்கறார். “இங்கே கேக்குது.” நெஞ்சைத் தட்டிக் காமிக்கிறார்.

பதினோரு வருஷம் சார். பதினோரு வருஷமா என் குரல் கேக்காத மனுஷன். அப்போ எங்க ஊர்ச் சங்கு மட்டும் ஊதினா இவருக்கும் தெரியும். நான் கோயிலுக்குப் போயிருந்தாலும், நானே இல்லாமப் போனாலும் தெரியும். அதைத்தானே நான் வேண்டிக்கிட்டு இருந்தேன்? உடனே பிள்ளைங்களுக்கு எழுதினேன். வார்த்தைக்கு வார்த்தை சொல்றேன், நீங்களே சொல்லுங்க இதுல என்ன தப்புன்னு.

“அப்பாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டி வந்தேன். சரியாகப் பத்து மணிக்குச் சங்கு ஊதியாச்சு. அப்பா நெஞ்சில் கை வைத்தார். முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. நான் பக்கத்திலேயே இருந்தேன். இத்தனை நாள் வேண்டியது நடந்துவிட்டது. மாதாவுக்கு நன்றி.”

ஏன் சார் தலையில கை வெச்சுக்கறீங்க?

அனுப்பினதும் போன் செத்துப் போச்சு. சார்ஜ் இல்லை. வீடியோ எடுத்தேன்ல. நாங்க டாக்டரைப் பார்த்துட்டு, பஸ் பிடிச்சு வீட்டுக்கு வந்து, கஞ்சி குடிச்சுட்டு ரெண்டு பேரும் அசந்துட்டோம். நாலு மணிக்குத் தெருமுனையில ஒரே அழுகை. யார் வீட்டுலயோன்னு எட்டிப் பார்த்தா, தலையை விரிச்சுப் போட்டுக்கிட்டு ரெஜினா வர்றா. பின்னாடி மாப்பிள்ளை, கையில ரோஜா மாலை. அதுக்குப் பின்னாடி எட்வின், மருமக, பேரப்பிள்ளைங்க. பிலோமினாவும் கூடவே அழுதுக்கிட்டு வர்றா. இவர் கயித்துக்கட்டில்ல உக்காந்து டீ குடிச்சுட்டு இருக்கார்.

ரெஜினா ஓடிவந்து அவர் மடியில விழுந்து, “அப்பா”ன்னு கத்தினா. இவருக்கு ஒண்ணும் புரியலை. மகளைப் பார்க்கறார், மாலையைப் பார்க்கறார், “ஐயோ, மாப்பிள்ளை போயிட்டாரா?”ன்னு இவரும் ஓன்னு அழ ஆரம்பிச்சுட்டார். மாப்பிள்ளை மாலையும் கையுமா முன்னாடியே நிக்கறார்!

அப்புறம் எல்லாருமாச் சேர்ந்து என் மேலே பாய்ஞ்சாங்க. “என்னம்மா எழுதியிருக்கே? என்ன எழுதியிருக்கே?”ன்னு. ரெஜினா சொல்றா, “சங்கு ஊதினதைக்கூடத் தாங்கிக்கிட்டேன்மா. மாதாவுக்கு நன்றின்னு போட்டியே, அதைத்தான் தாங்க முடியலை.” எங்க ஜனத்துல சங்கு ஊதறது இல்லையேடின்னேன். “ஊர்ல எல்லாரும் செத்ததுக்கு அப்படித்தான்மா சொல்றாங்க”ங்கறா. எனக்கு எப்படித் தெரியும்? நான் ஓசூர்லயும் அம்பத்தூர்லயுமா இருக்கேன்?

ஆனா ஒண்ணு சொல்லணும். அன்னைக்கு லீவு கிடைச்சுது. டிக்கெட்டும் கிடைச்சுது. ஓசூர்லேருந்து ஆறு மணி நேரத்துல வந்துட்டான். எல்லாம் மாதா கிருபை. சாவு வீட்டுக்கு வந்தவங்களை அப்படியே அனுப்ப முடியுமா? அடுப்பை மூட்டி வஞ்சிரமீன் குழம்பு வெச்சேன். ஒன்பது பேர் ஒண்ணா உக்காந்து சாப்பிட்டோம். எல்லாரும் மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கிட்டுத்தான் சாப்பிட்டாங்க, இருந்தாலும் ரெண்டாவது தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டாங்க.

எட்வின் வர்ற வழியிலேயே டவுன்ல இருக்கற சிநேகிதன்கிட்டச் சொல்லிக் கண்ணீர் அஞ்சலி பேனர் வேற அடிச்சாச்சு. நாங்க சாப்பிட்டுட்டு இருக்கோம், தெருமுனையில கட்டிட்டாங்க. இவர் கை கழுவிட்டு நடந்துபோய்ப் பார்த்துட்டு வந்து, “நல்லா விழுந்திருக்கேன்”ங்கறார். கொளுத்திப் போடுன்னாங்க பிள்ளைங்க. எனக்கு மனசு வரலை. நல்ல கெட்டி பேனர். ஆமா, அதேதான். இப்ப நான் உக்காந்திருக்கறது.

மறுநாள் கிளம்பறப்போ எட்வின் என் போனை எடுத்துக்கிட்டான். “இனிமே உனக்குப் பட்டன் போன் போதும்மா. உன் சங்குப் பைத்தியத்தால அப்பாவை உயிரோட பொதைச்சிருப்போம்”னான். உள்ளே இருந்ததையெல்லாம் அழிச்சுட்டு, மருமகளோட தம்பிக்குக் குடுத்துட்டானாம். நாப்பத்தி ஒண்ணு சார். பன்னெண்டுதான் பாக்கி. எனக்குக் கோவமில்லை. அந்தத் தம்பி நல்லா இருக்கட்டும்.

இப்ப ஐப்பசி பொறக்கப் போகுது. கேபிள் இன்னும் அறுந்துதான் தொங்குது. இவர் இன்னும் வலைக் கொட்டகையிலதான் படுக்கறார், வீட்டுக்குள்ளே புழுக்கமா இருக்காம். அதான் வந்திருக்கேன். அவ்வளவுதான் விஷயம்.

என்ன? போட்டோ இருந்தா இணைக்கலாமா? இணைக்கலைன்னா மறுபடியும் நோட்டைப் பார்த்து மூடிடுவாங்களா?

போட்டோதான் போச்சேன்னு சொன்னேனே. இருங்க, இருங்க. குரூப்புல போட்டேனே. அவங்க போன்ல இருக்குமே! உங்க போனைக் கொஞ்சம் குடுங்க. நம்பர் எனக்கு மனப்பாடம். நீங்களே அழுத்திக் குடுங்க.

ஹலோ, எட்வின்? அம்மா பேசறேன்ப்பா. இல்லை இல்லை, அப்பா நல்லா இருக்கார். நிஜமா. டீ குடிச்சுட்டு இருக்கார். இது மனு எழுதற சாரோட போன். கோவப்படாதே, ஒரே நிமிஷம். நான் குரூப்புல அனுப்பினேன்ல படமெல்லாம், அதுல நம்ம ஊர்ச் சங்கு மட்டும் இந்த சாருக்கு அனுப்பி விடுப்பா… எது?… எதுவுமேவா?… இல்லைப்பா, ரெண்டு டிக் வந்துச்சே. நீலமாக்கூட ஆச்சே… ஓ… இப்ப அமுக்கினா வராதா?… நான் திரும்ப அனுப்பணுமா. நான் எதுலேருந்துப்பா அனுப்புவேன்… சரி. ரெஜினாவும் அப்படித்தானா… எது, ஒண்ணே ஒண்ணு மட்டுமா? எதுக்கு?… ஓ, பேனருக்கு… அதையும் அப்புறம் அழிச்சுட்டாளா… சரிப்பா… இல்லை, ஒண்ணுமில்லை, குரல் நல்லாத்தான் இருக்கு. நீ சாப்பிட்டியா? சரி, வை.

இந்தாங்க சார் போன்.

இறக்கவே இல்லையாம். மங்கலா ஒரு கட்டம் வருமாம், அதை அமுக்கினாத்தான் படம் தெரியுமாம். ரெண்டு வருஷமா ஒண்ணைக்கூட அமுக்கலை. அதுங்க மேலே தப்பில்லை. வேலை. போய்ச் சேர்ந்துடுச்சுன்னு காமிச்சுது சார் எனக்கு. ஒவ்வொண்ணுக்கும் காமிச்சுது.

தண்ணி வேணாம். இருக்கட்டும்.

அப்பா செத்துட்டார்னு நினைச்சப்போ, ரெஜினா தேடித் தேடி அவர் இருக்கற படம் ஒண்ணே ஒண்ணை இறக்கியிருக்கா. பஸ்ஸுல உக்காந்து அழுதுக்கிட்டே.

சார். கொஞ்சம் கையைக் குடுங்க, எந்திரிக்கறேன்.

இந்தப் பக்கம் பிடிங்க. திருப்புங்க. மண்ணைத் தட்டிக்கறேன். ம்… பாருங்க. ஆறடி உயரம். கண்ணீர் அஞ்சலி, பேர், தேதி, அதெல்லாம் விடுங்க. இவருக்கு மேலே பாருங்க. அவசரத்துல வெட்டாம முழுசா அப்படியே போட்டிருக்கான் பேனர் அடிச்ச பிள்ளை, நல்லா இருக்கட்டும். இது கம்பம். இது பெட்டி. இது அறுந்த கேபிள், என் விரல் மொத்தத்துக்குத் தெரியுது. இதோ குழாய்க்குள்ளே கூடு. இவர் கையில என்னன்னு பாருங்க. காலண்டர். ஆகஸ்ட், சனிக்கிழமை. கண்ணாடி இல்லாமலே படிக்கலாம். அவங்க நோட்டுல அதே சனிக்கிழமைக்கு ஒலித்ததுன்னு இருக்கும்.

எழுதுங்க சார். முதல்ல இணைப்பை எழுதுங்க. இணைப்பு: கண்ணீர் அஞ்சலி பேனர் ஒன்று. ஏன் எழுதக்கூடாது? வாங்கமாட்டேன்னு சொன்னா அந்த ஆபீஸ் வாசல்லயே நான் ஒரு பக்கம் அவர் ஒரு பக்கம் பிடிச்சுக்கிட்டு நிக்கறோம். பேனர்ல இருக்கறவரே வந்து பிடிச்சுக்கிட்டு நின்னா, என்னன்னு ஒருத்தராவது கேப்பாங்கல்ல?

இப்பப் பொருள். அந்த ரெண்டு புள்ளிக்கு அப்புறம். எச்சரிக்கை ஒலிப்பான்னு எழுதட்டுமான்னா, வேணாம். சைரனும் வேணாம். சைரன்னா நோட்டைப் பார்ப்பாங்க, ஒலித்ததுன்னு இருக்கும், மூடிடுவாங்க. நான் சொல்றபடி எழுதுங்க.

மிக்கேல்குப்பத்துக்குச் சங்கு.

அவ்வளவுதான். அதுக்கு மேலே ஒரு எழுத்து வேணாம். என்ன அர்த்தம் வரும்னு தெரியும் சார். அன்னைக்குத் தெரியாம எழுதினேன், ஓசூர்லேருந்து ஆறு மணி நேரத்துல வந்தாங்க. இன்னைக்குத் தெரிஞ்சே எழுதச் சொல்றேன். மாதா மன்னிச்சுக்குவா. அவளும் பிள்ளையைப் பெத்தவ.

நீங்க முடிச்சு வைங்க, கையெழுத்துப் போடறேன். நான் போய் இவரைக் கூட்டிட்டு வந்துடறேன். இல்லை சார், நீங்க கூப்பிட்டாலும் கேக்காது, கை தட்டினாலும் கேக்காது. போய்த் தோளைத் தொட்டாத்தான் திரும்புவார்.